அடியில் கேட்கும் ‘டொக்’: செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஓடும் ஜீப்புக்குச் சஸ்பென்ஷன் வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கம் புதிதாக ஜீப் வகை வண்டி வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகிந்திரா தார், பொலிரோ, பழைய எம்.எம்.540, மாருதி ஜிப்சி, ஜிம்னி எதுவாக இருந்தாலும் சரி. கண்மாய்க் கரையிலும் செம்மண் தடத்திலும் கொஞ்ச காலம் ஓடினால் அடியிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வரத்தான் செய்யும். உடனே பட்டறைக்குப் போய் “ஷாக் போயிருச்சுண்ணே, நாலையும் மாத்திருங்க” என்று, குலுங்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரைச் சந்தேகித்துச் சொல்லி, ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பழைய சத்தத்தை மறுபடி கேட்பவர்கள் நிறையப் பேர். சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் குலுங்கலைத் தாங்கும் அமைப்பு) சத்தத்தில் பெரும்பகுதி சில நூறு ரூபாய் புஷ்ஷிலோ (இணைப்புகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர்), தளர்ந்துபோன ஒரு நட்டிலோதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமையாக அரை நாள் போதும்.

ஒரே ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தத்தை நீங்கள் நினைத்தபோது வரவழைக்கத் தெரிகிற வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

1. உங்கள் வண்டிக்குக் கீழே என்ன இருக்கிறது?

ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போடும். அடியில் உள்ள அமைப்பு தெரியாமல் தேடினால் இல்லாத பாகத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஜிப்சி, எம்.எம்.540 இரண்டிலும் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், அதாவது அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்புப் பட்டைகள். முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே அச்சு. பொலிரோவில் முன்பக்கம் காயில் (சுருள்) ஸ்பிரிங், பின்பக்கம் பட்டை. 2020க்கு முந்தைய தார் சி.ஆர்.டி.இ. வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி), பின்பக்கம் பட்டை. 2020இல் வந்த புதிய தாரில் பட்டையே கிடையாது. முன்பக்கம் சக்கரத்தைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என இரண்டோடு காயில், பின்பக்கம் முழு ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் லிங்க்குகளோடு காயில், முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி அதிகம் சாயாதபடி இடது, வலது பக்கங்களை இணைக்கும் கம்பி). ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், காயில் ஸ்பிரிங்.

பட்டை உள்ள வண்டியில் முதல் சந்தேகம் பட்டைக்கு நடுவிலும், பட்டையின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைத்து ஆடவிடும் ஷேக்கிளிலும். காயில் வண்டியில் முதல் சந்தேகம் லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரின் நுனியைப் பிடிக்கும் சிறு கம்பி), ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் உள்ள குண்டு மூட்டு). புதிய தார் வைத்திருப்பவர் லிங்க் ராடிலிருந்து தொடங்கினால் பாதி நேரம் மிச்சம்.

2. தொடுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள். சத்தம் எப்படி இருக்கிறது: கீச், டொக், கடகட, கரகர, அல்லது வேகத்தோடு ஏறும் உறுமல். எப்போது வருகிறது: மேட்டில் ஏறும்போதா, இறங்கும்போதா, பிரேக் அடிக்கும்போதா, ஸ்டியரிங் முழுக்கத் திருப்பும்போதா, கிளட்ச் விட்டதுமா. எந்தப் பக்கம். எந்தக் காலநிலையில்.

கடைசி விஷயம் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். மழை பெய்த அன்று அடங்கி, இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் திரும்ப வரும் ‘கீச்’ என்றால் அது காய்ந்த ரப்பர் அல்லது பட்டைக்கு நடுவில் சேர்ந்த மண். மழையோ வெயிலோ ஒரே மாதிரி வரும் ‘டொக்’ என்றால் ஏதோ ஓர் இரும்பு தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் தளர்ந்திருக்கிறது. இந்த ஒரு குறிப்பே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வண்டி வாரன்டியில் இருந்தால் இந்த நோட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடும்போது “சத்தம் வருகிறது” என்று பொதுவாக எழுத விடாதீர்கள். “இடது முன்பக்கம், 20 கி.மீ. வேகத்தில், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது டொக்” என்று எழுதச் சொல்லுங்கள். “தம்பி, ஒரு ரவுண்டு கூட வாங்க, கேட்டுட்டு வந்துருவோம்” என்று மெக்கானிக்கை அழைத்துப் போய்ச் சத்தத்தைக் கேட்கவைத்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். சரியாகாவிட்டால் அடுத்த முறை அதே வார்த்தைகளோடு போங்கள். வாரன்டி முடிவதற்குள் பதிவான புகார் என்பதற்கு அந்த ஜாப் கார்டு நகல்தான் ஆதாரம்.

3. சஸ்பென்ஷன் இல்லாத சத்தங்களைக் கழித்துவிடுங்கள்

இதற்கு அரை மணி நேரம் போதும். சஸ்பென்ஷன் என்று நினைத்த கடகட சத்தங்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

சீட்டுக்கு அடியிலும் பின்னாலும் உள்ள ஜாக்கி, டூல்ஸ், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதன் நட்டும் கதவுக் கீலும் தளர்ந்தால் பின் ஆக்ஸிலே உடைந்தது போலக் கேட்கும். பேட்டரி கிளாம்ப், சைலன்சர் தொங்கும் ரப்பர், ஃபுட் ஸ்டெப், நம்பர் பிளேட், ஹார்டு டாப் போல்ட்டுகள் அடுத்து. அடியில் இன்ஜின் காக்கும் தகடு இருந்தால் அதற்குள் சரளைக் கல் கிடக்கும். கையால் தட்டினாலே தெரியும்.

சக்கரம் சுற்றச் சுற்ற ‘கரகர’ என்று உரசினால், பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டில் பொடிக் கல் மாட்டியிருக்கும். நம் பக்கச் செம்புறாங்கல் சரளைக்கு இது வழக்கம். கல்லை எடுத்து, தகட்டைக் கையால் கொஞ்சம் விலக்கினால் தீர்ந்தது.

டயர் காற்றையும் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். காற்று அதிகமாக இருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் தடதடக்கும்.

புதியவர்கள் சிக்கும் ஒன்று: தாரிலோ ஜிம்னியிலோ மண்ணில் ஃபோர் வீல் போட்டுவிட்டு, அதை எடுக்காமல் தார் ரோட்டில் ஏறுவது. இவற்றில் முன், பின் ஆக்ஸில்கள் ஒன்றாகப் பூட்டப்படும். பிடிமானமுள்ள ரோட்டில் திரும்பும்போது சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் உள்ளே முறுக்கேறி, வண்டி இழுத்துப் பிடித்து ‘டக்’ என்று விடும். சஸ்பென்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியே ஓட்டினால் கியர் பெட்டிதான் பாதிக்கும்.

4. ஓட்டிக் கண்டுபிடிப்பது

இதற்கு நம் ஊர் போல வசதியான இடம் வேறில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களில் நேர்கோடாகப் போகும் தெருக்களில் இரு பக்கமும் வீட்டு மதில்கள் ஓங்கி நிற்கும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், இரு ஜன்னலையும் இறக்கி, ரேடியோ, ஏ.சி. எல்லாம் அணைத்து, 10 முதல் 15 கி.மீ. வேகத்தில் இடது மதிலை ஒட்டிப் போங்கள். அடியில் வரும் சத்தம் மதிலில் பட்டு ஜன்னலுக்குள் வரும். திரும்பி வரும்போது வலது மதிலை ஒட்டி வாருங்கள். எந்தப் பக்கம் கூர்மையாகக் கேட்கிறதோ அந்தப் பக்கத்தில் கோளாறு. வெட்டவெளியில் ஓட்டினால் இந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபடாது.

அடுத்து ஒரு ஸ்பீடு பிரேக்கர். முதலில் நேராக, இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி போங்கள். பிறகு ஓரமாக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி போங்கள். இரு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதே இல்லை. ஒன்று மட்டும் ஏறும்போதுதான் அதற்கு வேலை. ஆகவே நேராக ஏறும்போது மௌனம், ஓரமாக ஏறும்போது ‘டொக்டொக்’ என்றால் லிங்க் ராடு அல்லது பாரைப் பிடிக்கும் டி புஷ். இரண்டிலும் சத்தம் வந்தால் ஷாக் புஷ், ஆர்ம் புஷ், பட்டை, ஷேக்கிள் என்று தேட வேண்டும்.

மேட்டில் சத்தம் வரும் அதே இடத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஒரு முறை போய்ப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பிரேக் பேடு அல்லது அதை அழுத்தும் கேலிப்பர் ஆடுகிறது. சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

கிளட்ச்சை விட்டு வண்டி நகரும் நொடியிலும், ரிவர்ஸ் போட்டு நகரும் நொடியிலும் மட்டும் ‘டக்’ என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) கிராஸ் மூட்டு, அதன் நீளும் ஜாயின்ட், பட்டையைப் பிடிக்கும் யூ போல்ட், பின் லிங்க் புஷ் ஆகியவற்றில் ஒன்று. இதில் கிரீஸ் அடித்தாலே பாதி வண்டி அடங்கிவிடும் என்பதால் முதலில் கிரீஸ் கன்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாக நகரும்போது ‘டிக்டிக்டிக்’ என்று சக்கர வேகத்தில் வந்தால், முன் ஆக்ஸிலின் வெளி ஜாயின்ட். ரப்பர் உறை உள்ள வண்டி என்றால் அந்த உறையைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒரு சிறு கிழிசல் போட்டிருந்தாலும் கிரீஸ் வெளியே போய் மண் உள்ளே போயிருக்கும்.

நெடுஞ்சாலையில் வேகத்தோடு ஏறும் உறுமலுக்குத் திருமயம், காரைக்குடி ரோடு மாதிரி வழவழப்பான சாலை வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் வண்டியை மெல்ல இடமும் வலமும் வளையுங்கள். இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலது வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். முரட்டு டயர் போட்ட வண்டியில் டயரே உறுமும். வளைத்தாலும் மாறாத உறுமல் பெரும்பாலும் டயருடையது.

5. நிறுத்திவைத்துக் கண்டுபிடிப்பது

வண்டிக்கு அடியில் போவதற்கு முன்: சமதளம், கியரில் நிறுத்தம், ஹேண்ட் பிரேக், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். செம்மண் தரையில் ஸ்டாண்டு அமுங்கும் என்பதால் அடியில் கனமான பலகை போடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. பாரத்தில் நொறுங்கிவிடும்.

சக்கரத்தை இன்னும் தூக்காமல் முதல் சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இந்தச் சோதனைக்கு மட்டும் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் அப்படியே இருக்க, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் வேகமாக ஆட்ட வேண்டும். நீங்கள் கீழிருந்து ஒவ்வொரு டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கம்பியின் நுனி மூட்டு), பால் ஜாயின்ட் மீதும் விரல் வையுங்கள். தேய்ந்த ஜாயின்ட்டில் அந்த ‘டக்’ விரலில் தெரியும். காதைவிட விரல் துல்லியம். இரும்பில் பரவும் சத்தம் காதுக்கு ஏதோ ஒரு மூலையில் கேட்கும், அதிர்வு வரும் இடத்தில்தான் விரலுக்கு அடி விழும்.

பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காமல் இருந்தால் முன்பக்கம் ஆர்ம் உள்ள வண்டியில் பால் ஜாயின்ட், முழு ஆக்ஸில் வண்டியில் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு எண்ட்.

ஆர்ம் உள்ள வண்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காயிலோ டார்ஷன் பாரோ கீழ் ஆர்மைத்தான் அழுத்திக்கொண்டிருக்கும். சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஆர்ம் அழுத்தத்தில் தொங்கும், தேய்ந்த பால் ஜாயின்ட்டும் இறுக்கமாகத் தெரியும். சேசிஸில் ஸ்டாண்டு போட்ட பிறகு கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துக் கொஞ்சம் தூக்கி, டயருக்கு அடியில் நீள லிவரை விட்டு மேலே நெம்புங்கள். அப்போதுதான் உண்மை தெரியும். “பார்த்துட்டேன், பால் ஜாயின்ட் நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டு வேறு பாகம் மாற்றும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

புஷ்களுக்கும் லிவர்தான். புஷ்ஷின் ஓரத்தில் விட்டு மெதுவாக நெம்பினால் நல்ல ரப்பர் கொஞ்சம் அசைந்து திரும்பும். கிழிந்தது சட்டென்று இடம் மாறி ‘டக்’ என்று அடிக்கும். ரப்பருக்குச் சேதம் வரும் அளவுக்கு நெம்ப வேண்டாம்.

‘கீச்’ சத்தத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரே ஒரு புஷ்ஷில் மட்டும் அடித்து, வண்டியை அழுத்திப் பாருங்கள். அடங்கவில்லையா, அடுத்த புஷ். எதில் அடித்ததும் கீச் ஒரு நிமிடமாவது நிற்கிறதோ அதுதான். துரு நீக்கும் ஸ்பிரேயை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். எல்லா இடத்திலும் வழிந்து எல்லாவற்றையும் தற்காலிகமாக அடக்கிவிடும், ரப்பரையும் கெடுக்கும், கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

6. பட்டை ஸ்பிரிங்: நம் ஊரில் அதிகம் கெடுக்கப்படும் பாகம்

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய ஆயிலை ஸ்பிரே அடித்துத் தருவது இங்கே வழக்கம். வண்டி ஒரு வாரம் சத்தமில்லாமல் ஓடும். அதற்குள் செம்மண் தூசி அந்த ஆயிலில் ஒட்டிப் பசையாகி, பட்டைகளுக்கு நடுவே உப்புத்தாள் போலத் தேய்க்கத் தொடங்கும். ஷேக்கிள் ரப்பரும் ஆயிலில் ஊறி உப்பிப் பிய்ந்துபோகும். மறுபடி கீச், மறுபடி ஆயில். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வருவதுதான் முதல் வேலை. சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விடும்போதே “அண்ணே, அடியில ஆயில் ஸ்பிரே வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

அவிழ்ப்பதற்கு முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் நட்டுகளைச் சுற்றித் துருப்பொடி செந்நிறமாகக் கோடு போட்டிருந்தால் அவை தளர்ந்து ஆடுகின்றன. பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்ஸில் நகர்ந்திருக்கும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் கழன்றிருந்தால் ‘சடசட’ என்று அடிக்கும். பட்டை படிந்து, ஆக்ஸில் ரப்பர் ஸ்டாப்பரில் இடித்தால் ‘தொம்’ என்று கேட்கும். சமமான சிமெண்டுத் தரையில் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தால் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று தெரியும்.

யூ போல்ட் தளர்வுதான் என்றால் அவிழ்க்கவே தேவையில்லை. நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, வண்டிக் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மரை நீண்டுபோன யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

பட்டைக்கு நடுவில்தான் சத்தம் என்றால் அவிழ்த்தாக வேண்டும். ஸ்பிரிங் வேலை தெரிந்த பட்டறையில் கொடுப்பது நல்லது. வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்து இவற்றைக் கவனியுங்கள்:

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸில் உருண்டுவிடும். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் அதன் இரு பக்கமும் சி கிளாம்ப் போட்டுப் பட்டைக் கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் இழுவிசையில் பட்டைகள் தெறித்துக் கையை உடைத்துவிடும். கழற்றிய பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்து, சென்டர் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் உள்ள பட்டையை வெல்டு வைத்து ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும். கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையில் பள்ளம் போட்டிருந்தால் அதுதான் கீச்சுக்குப் பிறப்பிடம். நுனியின் கூர் விளிம்பைக் கிரைண்டரில் மழுக்க வேண்டும். பிறகு கிராஃபைட் கிரீஸ் மெல்லிய பூச்சாக. அப்பி வைத்தால் வெளியே பிதுங்கி மண்ணைச் சேர்க்கும். நுனிக்கு நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் லைனர் உங்கள் பட்டைக்குக் கிடைத்தால் அது கிரீஸைவிட நீடிக்கும். சென்டர் போல்ட் புதிது போடுங்கள்.

ஷேக்கிளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை அடிக்கவும். ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிளில் கிரீஸ் கூடாது.

7. புஷ், லிங்க் ராடு: இறுக்கும் இடத்தில் நடக்கும் தவறு

இந்தப் பகுதியை மட்டுமாவது மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள்.

ஆர்ம் புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகிக்கொடுக்கும். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுக்க இறுக்கினால், இறக்கியதுமே ரப்பர் முறுகிய நிலையில் மாட்டிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது இன்னும் முறுகும். புது புஷ் சில மாதத்தில் கிழிவதற்கும், மாற்றிய மறுநாளே கிறீச்சிடுவதற்கும் இதுதான் காரணம். “டூப்ளிகேட் சாமான்” என்று கடைக்காரரைத் திட்டுவோம், பாவம் அவர்.

சரியான முறை: எல்லாப் போல்ட்டையும் கையிறுக்கமாக மட்டும் போட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, அழுத்தி விட்டு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கம். பள்ளம் உள்ள பட்டறை இதற்கு வசதி. பட்டை ஸ்பிரிங்கின் கண் புஷ், ஷேக்கிள், ஷாக்கின் கீழ் புஷ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சத்தம் எப்போதும் உள்ள பழைய வண்டியில், எதையும் மாற்றாமல், இந்தப் போல்ட்டுகளைத் தரையில் வைத்துத் தளர்த்தி மறுபடி இறுக்குவதிலேயே கீச் நின்றுபோவதும் உண்டு. செலவில்லாத வேலை என்பதால் முதலில் செய்து பாருங்கள்.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காமல் பிரஸ்ஸில் கொடுங்கள். சில ஆர்ம் புஷ்களில் ரப்பருக்குள் வெற்றிடம் ஒரு திசையில் இருக்கும். எடுக்கும் முன் பெயிண்டில் கோடு போட்டு, புதியதை அதே திசையில் ஏற்ற வேண்டும். பாலியூரித்தேன் புஷ் உறுதியானது, ஆனால் தூசியில் காய்ந்தால் ரப்பரைவிடச் சத்தமாகக் கத்தும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. சாதாரணப் பயன்பாட்டுக்குக் கம்பெனி ரப்பரே போதும் என்பது என் கருத்து.

லிங்க் ராடைச் சோதிக்கச் சுலப வழி, இரு பக்கத்தையும் கழற்றி, பாரை எதிலும் இடிக்காதபடி கட்டிவைத்து, காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. சத்தம் போயிருந்தால் லிங்க் ராடு அல்லது டி புஷ் உறுதி. அந்த நிலையில் வளைவில் வண்டி அதிகம் சாயும். நெடுஞ்சாலைப் பக்கம் போகக் கூடாது.

8. ஷாக், உயரம் கூட்டும் ஆசை

ஷாக்கின் உடலில் ஈரத் தூசி மெலிதாகப் படிந்திருப்பதை வைத்து மாற்ற வேண்டாம். ஆயில் வழிந்து கோடு போட்டிருந்தால் போய்விட்டது. வண்டியை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை, இறுக்கமான பட்டை உள்ள வண்டியில் சரியாகச் சொல்லாது. கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, கையால் முழுக்க அமுக்கி இழுங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் வெற்றாக நழுவினால் அல்லது களகளத்தால் மாற்ற வேண்டியதுதான். ஒரே ஆக்ஸிலின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பின்னது நன்றாக இருந்தால் முன்னதோடு சேர்த்து அதையும் மாற்றத் தேவையில்லை. ‘டொக்’ என்ற சத்தம் ஷாக்கைவிட அதன் முனைப் புஷ்ஷில்தான் அதிகம். அந்தப் புஷ் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

டார்ஷன் பார் போல்ட்டை இறுக்கியோ, உயரக் காயில் போட்டோ முன்பக்கத்தைத் தூக்கினால், சக்கரம் கீழே இறங்க மிச்சமுள்ள இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆர்ம் தன் எல்லையில் போய் ‘டொக்’ என்று இடிக்கும். எந்தப் பாகம் மாற்றினாலும் அந்தச் சத்தம் போகாது, உயரத்தைக் குறைத்தால்தான் போகும். கூடவே, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரன்டியிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரும்.

9. செலவும் காகிதமும்

விலை வண்டிக்கு வண்டி, கடைக்குக் கடை மாறும். வரிசை மட்டும் மாறாது. கிரீஸ், போல்ட் இறுக்கம் ஏறக்குறையச் செலவில்லாதது. டி புஷ், ஷாக் புஷ், ஷேக்கிள் புஷ் நூறுகளில். லிங்க் ராடு, டை ராடு எண்ட், பால் ஜாயின்ட் சில நூறிலிருந்து ஆயிரம், இரண்டாயிரம் வரை. ஷாக், முழு ஆர்ம், பட்டைக் கட்டு ஆயிரங்களில். இந்த வரிசையிலேயே மேலிருந்து கீழாகப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. டை ராடு எண்ட், பால் ஜாயின்ட், டார்ஷன் பார் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மென்ட் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் வாங்கப் போகும்போது ஆர்.சி. நகலைக் கையில் வைத்திருங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் வருடத்துக்கு வருடம் பாகம் மாறியிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால்தான் சரியான பாக எண் வரும். பழைய பாகத்தையும் எடுத்துப் போய் ஒப்பிடுங்கள். பெட்டியில் பாக எண், எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. பில் வாங்க வேண்டும். பில் இல்லாமல் பாக வாரன்டி கேட்க முடியாது. பட்டறையில் மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். அதை வீட்டில் கையால் ஆட்டிப் பார்த்தாலே உண்மையில் போயிருந்ததா என்று தெரிந்துவிடும்.

பொலிரோ சாமான் காரைக்குடியிலேயே சுலபம். ஜிப்சி, எம்.எம்.540 இரண்டுக்கும் மதுரை, திருச்சிக் கடைகளில் தேடவோ வரவழைக்கவோ வேண்டியிருக்கும். ஆகவே பாகம் கைக்கு வந்த பிறகுதான் வண்டியை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்துப் போட்ட வண்டி பட்டறை மூலையில் வாரக்கணக்கில் நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

10. எப்போது செய்வது, எவ்வளவு நேரம்

லிங்க் ராடு இரு பக்கமும் ஒரு மணி நேரம். ஷாக் ஒரு ஜோடி இரண்டு மணி நேரம், துருப்பிடித்த போல்ட் என்றால் முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரேயை மரையில் மட்டும் அடித்துவையுங்கள். ஆர்ம் புஷ் பிரஸ் வேலையோடு அரை நாள். பட்டை இரு பக்கமும் அவிழ்த்துக் கட்ட ஒரு முழு நாள்.

வருடத்தில் நல்ல காலம் ஆவணி. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொண்டால் கண்மாய் கலுங்கில் (உபரி நீர் வழிந்தோடும் இடம்) தண்ணீர் ஓடும், தடமெல்லாம் சேறாகும், கிழிந்த ரப்பர் உறைக்குள் தண்ணீரும் மண்ணும் புகுந்து நல்ல ஜாயின்ட்டையும் தின்றுவிடும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பட்டறைகளில் கூட்டம் நிறைந்திருக்கும், பூஜையன்று கருவிகளைத் தொட மாட்டார்கள். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்காரும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் குனிந்து பாருங்கள். கோடு ஒடிந்து விலகியிருந்தால் அந்த நட்டு தளர்ந்திருக்கிறது. யூ போல்ட்டுகளைக் கோடு சரியாக இருந்தாலும் ஒரு முறை டார்க் ரெஞ்சு வைத்துப் பார்த்துவிட வேண்டும், புதிதாகக் கட்டிய பட்டை கொஞ்சம் படியும். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. கலுங்கில் தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் அன்றைக்கே அடியை வெறும் தண்ணீரில் கழுவி, நிப்பிள் உள்ள இடங்களில் கிரீஸ் அடித்துவிடுங்கள்.